நடுப்பக்கம் எங்கே?

விழுந்தார்! எழுந்தார்! வென்றார்!

மூன்றே சொற்கள். மூன்றும் வினைமுற்று. பயனிலைகள் ஆயத்தமாக இருக்கின்றன. எழுவாயை மட்டும் ஆண்டுதோறும் மாற்றிக்கொண்டால் போதும்! ஓர் ஆண்டு நியூசிலாந்து நங்கை, மறு ஆண்டு இத்தாலி நங்கை, இன்னோர் ஆண்டு நம் பெங்களூர்ப் பெண். பந்தய மோட்டார்சைக்கிள் ஓட்டும் பெண்களைப் பற்றி ஏடுகள் தீட்டுகின்ற சொற்சித்திரங்களை வரிசையாக அடுக்கி வைத்துப் படித்துப் பார்த்தேன். படித்து முடித்ததும் ஓர் ஐயம் எழுந்தது: நான் படித்தது பல கட்டுரைகளையா, அல்லது ஒரே கட்டுரையைப் பலமுறையா?

முதற் பத்தியில் புழுதி பறக்கிறது. இரண்டாம் பத்தியில் எலும்பு முறிகிறது. மருத்துவமனைக் கட்டில், வெண்மையான சுவர், ஒரு துளிக் கண்ணீர். மூன்றாம் பத்தியில் கோப்பை! மாலை! மேடை! முறிந்த எலும்பு எப்படி ஒட்டியது, எத்தனை நாளில் ஒட்டியது, ஒட்டும்வரை அவர் என்ன உண்டார், யார் பணத்தில் உண்டார், முதன்முதலாக மீண்டும் வண்டியில் ஏறியபோது கை நடுங்கிற்றா இல்லையா? ஒன்றும் இல்லை. இரண்டாம் பத்திக்கும் மூன்றாம் பத்திக்கும் இடையே ஒரு பக்கம் இருந்திருக்க வேண்டும். ஆறு வாரமோ, ஒன்பது மாதமோ, முழுதாய் ஓர் ஆண்டோ அடங்கிய பக்கம். அந்த நடுப்பக்கத்தை எவரோ கிழித்துவிட்டனர். கிழித்தது யார், கிழித்ததால் ஆதாயம் யாருக்கு என்று கேட்பது திறனாய்வாளன் வேலை. அதைத்தான் இங்கே செய்ய முற்படுகிறேன்.

முதலில் இந்தப் பந்தயம் எத்தகையது என்பதைச் சொல்லிவிட வேண்டும். மோட்டோகிராஸ் என்று பெயர். வழவழப்பான தார்ச்சாலையில் ஓடும் பந்தயமன்று இது. மண்ணை மேடாகக் குவித்தும் மடுவாகத் தோண்டியும் அமைத்த ஓடுதளம். மழை பெய்தால் சேறு, வெயில் காய்ந்தால் கண்ணை மறைக்கும் புழுதி. ஏறத்தாழ நாற்பது வண்டிகள் ஒரே வரிசையில் நிற்கும்; முன்னே நிறுத்திய இரும்புத் தடுப்பு கீழே சாய்ந்ததும் நாற்பதும் ஒரே வளைவை நோக்கிப் பாயும். நாற்பது பேர் புகுமிடம் ஐந்தாறு பேருக்கே போதுமானது! அதன்பின் மேட்டில் ஏறி வானில் எழும்பி இருபது மீட்டருக்கு மேலும் பறந்து இறங்க வேண்டும். வண்டியின் எடை நூறு கிலோவுக்குச் சற்று மேல். ஓட்டுகிற பெண்ணின் எடை பெரும்பாலும் அதில் பாதி. இருக்கையின் உயரமோ ஒரு மீட்டருக்குச் சில அங்குலமே குறைவு. குள்ளமான பெண்ணுக்கு இரு கால்களும் தரையில் பாவுவதே அரிது. விழுவது இங்கே விபத்தன்று, வாடிக்கை. காறை எலும்பு, மணிக்கட்டு, முழங்கால், முதுகுத்தண்டு, தலை என்று உடலின் எந்தப் பகுதிக்கு எப்போது முறை வரும் என்பதுதான் தெரியாது.

இந்தக் களத்துக்குள் பெண்ணை எளிதில் விட்டனரா? இல்லை. 1971ஆம் ஆண்டு அமெரிக்காவில் கெர்ரி கிளைட் என்ற இளம்பெண் தொழில்முறைப் பந்தய உரிமம் பெற்றார். உரிமச் சீட்டுடன் களத்துக்குச் சென்றார். வந்திருப்பவர் பெண் என்று கண்டதும் கொடுத்த உரிமத்தைப் பறித்துக்கொண்டனர் அலுவலர்கள். அவர் வழக்குத் தொடுத்தார். உரிமம் திரும்பி வந்தது. எண்ணிப் பாருங்கள்: அவர் ஓட்டிப் பார்த்து, திறமையில்லை என்று பறித்திருந்தால் அது ஒரு வாதம். ஓட்டுவதற்கு முன்பே பறித்தனர்! பின்னர் பெண்களுக்கென்று தனிப்பந்தயம் 1974இல் அங்கே தொடங்கியபோது அதற்கு வைத்த பெயரே முகப்பூச்சுத் தூளைக் குறிக்கும் கேலிப்பெயர். 1976இலும் 1977இலும் அந்நாட்டு வாகை சூடிய சூ ஃபிஷ் பின்னாளில் திரைப்படங்களில் சாகச வேலைக்குச் சென்றார். விழுவதற்குத் திரைப்படத்தில் கூலி உண்டல்லவா!

இனி நம் இலக்கியத்துக்கு வருவோம். போர்க்களத்தில் முகத்திலும் மார்பிலும் பட்ட காயத்துக்கு 'விழுப்புண்' என்று சிறப்புப் பெயர் வைத்தது தமிழ். புண் ஆடவனுக்கு, அதைக் கண்டு உவக்கும் உரிமை அவனைப் பெற்றவளுக்கு. அப்படித்தான் பங்கு பிரித்தனர் பழம்புலவர். இன்று விழுப்புண்ணே பெண்ணுக்கும் வந்துவிட்டது. அவளது காயத்தையும் பாட ஆளிருக்கிறது. மகிழ்ச்சிதான், மறுக்கவில்லை. ஆனால் பாடுகிறவர் பழம்புலவரின் நேர்மையையும் உடன்கொண்டு வந்தாரா?

புறநானூற்றில் காக்கைபாடினியார் நச்செள்ளையார் காட்டும் முதியவளை நினைத்துப் பாருங்கள். மகன் புறங்காட்டி மாண்டான் என்று பலர் சொல்லக் கேட்கிறாள். சினம் பொங்குகிறது. எனினும், கேட்ட சொல்லை அப்படியே நம்பிவிடவில்லை. வாளோடு களம் புகுகிறாள். குருதி தோய்ந்த மண்ணில் கிடக்கும் உடல்களைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறாள். தன் கண்ணால் கண்ட பிறகே உவக்கிறாள். அப்பாடலில் வீரத்தைக் காண்போர் பலர். எனக்கோ அந்தப் புரட்டிப் பார்க்கும் செயல்தான் பெரிதாகத் தோன்றுகிறது. இன்றைய சொற்சித்திரக்காரரிடம் இல்லாதது அதுதான். அவர் களத்துக்குச் செல்வதில்லை, உடலைப் புரட்டுவதில்லை, முதுகிலா மார்பிலா என்று பார்ப்பதில்லை. 'காயம்' என்றதும் கண்ணை மூடிக்கொண்டு கைதட்டிவிடுகிறார்.

நாம் புரட்டிப் பார்ப்போம். நியூசிலாந்தின் ஒட்டாகோ பகுதியிலிருந்து வந்தவர் கோர்ட்னி டங்கன். உலகின் தென்கோடியிலிருந்து ஐரோப்பா சென்று, பெண்களுக்கான உலக மோட்டோகிராஸ் பந்தயத்தில் 2016இல் கலந்துகொண்டார். வந்த வேகத்திலேயே வென்றார்; இந்த ஆண்டுப் பட்டம் இவருக்கே என்று பலரும் எண்ணினர். பிறகு ஒரு சுற்றில் ஓடுதளத்தில் இருந்த புகைப்படக்காரர் ஒருவருடன் மோதி விழுந்தார், காயம், பட்டம் போயிற்று. 2017இல் மீண்டும் முன்னணி. இறுதிச் சுற்று பிரான்சில். மழை, சேறு, ஏற்றத்தில் வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சிக்கிக்கொண்டன. செங்கொடி காட்டிப் பந்தயம் பாதியில் நிறுத்தப்பட்டது. மிகச் சில புள்ளிகள் குறைவால் பட்டம் இத்தாலியின் கியாரா ஃபொன்டனேசிக்குச் சென்றது. 2018இல் பாதத்தில் காயம். மறுபடியும் பட்டம் இல்லை. 2019இல்தான் வாகை. அதன்பின் 2020, 2021 என்று தொடர்ந்து மூன்று. 2022இல் காறை எலும்பு முறிவு. பட்டம் நெதர்லாந்தின் நான்சி வான் டி வென்னுக்கு. 2023இல் டங்கனுக்கு நான்காம் பட்டம்.

இந்த வரலாற்றை ஏடுகள் எப்படிச் சொல்கின்றன? "விதி அவரோடு விளையாடியது, அவர் விதியை வென்றார்!" இந்தப் பொருள்படத்தான் எல்லாரும் எழுதுகின்றனர்.

விதி! நல்ல சொல் கிடைத்தது. தமிழில் இதற்கு இரண்டு பொருள். தலையில் எழுதியது என்பது ஒன்று. தாளில் எழுதியது, அதாவது சட்டம், என்பது மற்றொன்று. டங்கனோடு விளையாடியது எந்த விதி? ஓடுதளத்தில் புகைப்படக்காரர் எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக்கூடாது என்பது தலையெழுத்தா? அது அமைப்பாளர் வகுக்கும் ஏற்பாடு. சேற்றில் சிக்கிய பந்தயத்தை எப்போது நிறுத்துவது, நிறுத்தினால் புள்ளியை எப்படிக் கணக்கிடுவது என்பது வானத்திலிருந்து இறங்கிய வாக்கா? அச்சிட்ட விதிநூலில் எண் போட்டு எழுதிவைத்த பிரிவு. தாளில் எழுதிய விதியால் நேர்ந்ததைத் தலையில் எழுதிய விதியின் கணக்கில் ஏற்றிவிட்டால் கேள்வி கேட்க ஆளே இருக்காது. ஆகா, எத்தனை வசதி! கைம்பெண்ணைக் கண்டு 'அவள் விதி' என்றவர்கள் வைத்துவிட்டுப் போன சொல்தானே இது. பந்தயப் பெண்ணுக்கும் அதையே வழங்கிவிட்டனர்.

அடுத்து, கணக்கு. சொற்சித்திரக்காரருக்குக் கணக்கு கசக்கும் போலும். எந்தக் கட்டுரையிலும் நான் காணவில்லை. ஆகவே நானே போடுகிறேன்.

2019இல் ஆடவருக்கான உலகப் பந்தயத்தில் 18 சுற்றுகள். அதே ஆண்டு பெண்களுக்கு 5 சுற்றுகள். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு ஓட்டம். ஓட்டம் ஒன்றில் முதலிடத்துக்கு 25 புள்ளி. ஆகப் பெண்ணொருத்தி ஓராண்டு முழுவதும் பெறக்கூடியது 250 புள்ளி. ஒரு சுற்றைத் தவறவிட்டால் 50, அதாவது ஐந்தில் ஒரு பங்கு, போயிற்று. ஆடவன் ஒரு சுற்றைத் தவறவிட்டால் இழப்பது பதினெட்டில் ஒரு பங்கு.

இது வெறும் ஏட்டுக்கணக்கு அன்று. 2018இல் நெதர்லாந்தின் ஜெஃப்ரி ஹெர்லிங்ஸ் என்ற வீரர் பருவத்தின் நடுவே காறை எலும்பை முறித்துக்கொண்டார். ஒரு சுற்றில் கலந்துகொள்ளவில்லை. திரும்பி வந்தார், உலகப் பட்டமும் வென்றார். அந்த ஆண்டு அவருக்கு 20 சுற்றுகள் இருந்தன! அவர் திறமையை நான் குறைக்கவில்லை. அந்த ஆண்டு அவர் ஓட்டிய ஓட்டம் வியக்கத்தக்கது. ஆனால் அதே எலும்பு ஒரு பெண்ணுக்கு முறிந்தால்? 2022இல் டங்கனுக்கு முறிந்தது, பட்டம் கைமாறிற்று. எலும்பு ஒன்றே, முறிவு ஒன்றே, மன உறுதியும் ஒன்றே. வேறுபட்டது நாள்காட்டி! இதை எழுதிய ஏடு எது? ஆடவனின் மீட்சியைத் 'திறமை' என்கின்றன. பெண்ணின் தவறலை 'விதி' என்கின்றன. அவள் மறு ஆண்டு வென்றுவிட்டாலோ 'மன உறுதி' என்கின்றன. நாள்காட்டியை மட்டும் எவரும் குறிப்பிடுவதில்லை.

நாள்காட்டியால் விளையும் தீங்கு பட்டத்தோடு முடிந்துவிடுவதில்லை. அது உடலுக்குள் புகுகிறது. காறை எலும்பு ஒட்ட ஆறு வாரம் முதல் பன்னிரண்டு வாரம் வரை ஆகும். தகடு வைத்துத் திருகாணி முடுக்கினால் கை விரைவில் அசையும், எனினும் எலும்பு தன் வேகத்தில்தான் ஒட்டும். தகட்டுக்கு மேல் இன்னொரு முறை விழுந்தால் தகடு வளையும், அல்லது அதன் ஓரத்தில் எலும்பு மீண்டும் முறியும். மணிக்கட்டில் ஒரு சிற்றெலும்பு உண்டு. அதற்குக் குருதியோட்டம் குறைவு. முறிந்தது முதலில் படத்தில்கூடத் தெரியாமல் போகும். சுளுக்கு என்று எண்ணிக் கட்டுப்போட்டுக்கொண்டு ஓட்டினால் மாதங்கள் கழித்துத் தன் வேலையைக் காட்டும். கைப்பிடியை நாள் முழுதும் இறுகப் பற்றவேண்டிய தொழிலில் மணிக்கட்டு போனால் மிச்சம் என்ன?

முழங்காலைச் சொல்லவே வேண்டா. மூட்டினுள் குறுக்கே ஓடும் தசைநாரை நம் மக்கள் 'ஜவ்வு' என்பார்கள். வளைவில் காலை நீட்டித் தரையில் ஊன்றும்போது பாதம் சேற்றில் பதிந்து உடல் மட்டும் திரும்பினால் அது அறுந்துவிடும். ஒரே வகை விளையாட்டில் ஈடுபடும் ஆடவரைவிடப் பெண்களுக்கு இந்தத் தசைநார் அறுவது மிகுதி என்பது மருத்துவ உலகம் நன்கறிந்த செய்தி. அறுவை செய்து வேறு தசைநாரைப் பொருத்தினால் அது உயிர்பிடித்து உறுதியாக ஒன்பது மாதமாவது வேண்டும். அதற்கு முன் களம் இறங்குவோர் அதை மீண்டும் அறுத்துக்கொள்ளும் வாய்ப்பு மிகப் பெரிது. தலையில் அடிபட்டாலோ, மூளை தெளியுமுன் மறுபடி ஓர் அடி என்பது உயிருக்கே உலை.

ஒன்பது மாதம் என்றால் ஐந்து சுற்றுப் பந்தயத்தில் ஓராண்டே போயிற்று. ஓராண்டு போனால் அணியில் இடம் இருக்குமா? பெண்கள் பந்தயத்தில் ஊதியம் பெற்று ஓட்டுவோர் சிலரே. மற்றவர் தாமே செலவு செய்து, வேறு வேலை பார்த்து, விடுமுறை எடுத்து ஓட்டுகின்றனர். எனவே காத்திருக்க வேண்டியவள் காத்திருப்பதில்லை. முறிந்ததை இறுகக் கட்டிக்கொண்டு வருகிறாள்! அவள் வந்ததும் ஏடுகள் என்ன செய்கின்றன? மூன்று வாரத்தில் திரும்பினார், இரண்டு வாரத்தில் திரும்பினார் என்று நாளைக் குறைத்துக் குறைத்துப் புகழ்கின்றன. ஏலத்தில் விலை ஏற்றுவார்கள். இங்கே நாளை இறக்குகிறார்கள். இன்று முழங்காலைத் தூக்கிக் கட்டிலில் வைத்துப் படுத்திருக்கும் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி அதைப் படிக்கிறாள். மருத்துவர் சொன்ன ஒன்பது மாதத்தை விரல்விட்டு எண்ணுகிறாள். 'நான் கோழையோ' என்று வெட்குகிறாள். நடுப்பக்கத்தைக் கிழித்த ஏடு அவளிடம் எதைக் கொடுத்துவிட்டுப் போகிறது என்பதை உணர்ந்துதான் எழுதுகிறார்களா?

"ஐயா, நீர் சொல்வது ஆடவருக்கும் பொருந்துமே! அவர்களும் முறிந்த எலும்போடு ஓட்டுகிறார்களே!" என்கிறார் நண்பர் ஒருவர். ஓட்டுகிறார்கள். அதுவும் தவறுதான். ஆனால் ஆடவனைப் பற்றி எழுதும்போது அவன் வண்டியின் அமைப்பு, வளைவில் அவன் கொண்ட வழி, தொடக்கத்தில் கிளட்சை விடுவித்த நயம், எதிராளியை முந்திய சூழ்ச்சி எல்லாம் எழுதுகிறார்கள். காயம் அதில் ஒரு பத்தி. பெண்ணைப் பற்றி எழுதும்போது காயமே கட்டுரை! பல ஏடுகளில் அவள் விழாத ஆண்டில் அவளைப் பற்றி ஒரு வரியும் வருவதில்லை. விழுந்தால்தான் செய்தி, வலித்தால்தான் வாழ்த்து. ஆறு முறை உலகப் பட்டம் வென்ற ஃபொன்டனேசி மகப்பேற்றுக்குப் பின் களம் திரும்பியதையும் இதே வாய்பாட்டில் போட்டு எழுதினர். மகப்பேறும் எலும்பு முறிவும் ஒரே தலைப்பில்! அவர் எந்த மேட்டில் எப்படி எழும்பினார் என்பதை அந்த எழுத்திலிருந்து அறிந்துகொள்ள முடியாது.

நல்ல எழுத்தே இல்லையா? உண்டு. நயமும் நேர்மையும் கலந்த ஓர் எடுத்துக்காட்டைச் சொல்லாவிட்டால் நானும் குறை மட்டுமே கூறுகிறவன் ஆகிவிடுவேன். அமெரிக்காவின் ஆஷ்லி ஃபியோலெக் பிறவியிலேயே காது கேளாதவர். 2008, 2009, 2011, 2012 ஆகிய ஆண்டுகளில் அந்நாட்டுப் பெண்கள் வாகை சூடியவர். ஹோண்டா நிறுவனத்தின் அமெரிக்கத் தொழிற்சாலை அணியில் இடம்பெற்ற முதற்பெண். இவரைப் பற்றியும் கண்ணீர்க் கட்டுரைகள் ஏராளம். ஆனால் சில கட்டுரைகள் ஒன்றைச் சொல்கின்றன: மற்றவர் எஞ்சின் ஓசையைக் கேட்டுப் பற்சக்கரம் மாற்றுவார்கள், இவரோ வண்டியின் அதிர்வை உடலால் உணர்ந்து மாற்றுகிறார். பின்னால் வருகிறவரின் ஓசை இவருக்குக் கேட்காது. ஆகவே தம் வழியை விட்டு விலகாமல், ஒரே கோட்டில் ஓட்டுவது மற்ற எவரையும்விட இவருக்கு இன்றியமையாதது.

இந்த இரண்டு செய்திகளைப் படித்ததும் ஒரு மனிதர் நம் முன் வந்து நிற்கிறார். இரக்கம் மறைகிறது, வேலை தெரிகிறது. அதிர்வில் ஒரு நுட்பமான மாறுதலை முழங்காலும் பாதமும் வாங்கி மூளைக்கு அனுப்புகின்ற வேலை! அப்படிப்பட்டவருக்குக் கால் முறிந்தால் முறிந்தது காலா, காதா? இந்தக் கேள்வியை ஓர் எழுத்தாளர் கேட்டிருந்தால் எத்தகைய நடுப்பக்கம் கிடைத்திருக்கும்! 'குறையை வென்ற குமரி' என்ற தலைப்புக்கு அங்கே வேலையே இருந்திராது.

இப்படி எழுதினால் மக்கள் படிக்கமாட்டார்கள், ஊக்கமூட்டும் கதைதான் வேண்டும் என்ற வாதத்தையும் கேட்டிருக்கிறேன். மக்கள் மீது பழியைப் போடுவது எளிது. நாட்டுப்புறத்தில் எலும்பு முறிந்தவனைப் பார்க்கப் போகும் கிழவியைக் கவனித்ததுண்டா? 'வீரன்டா நீ' என்று சொல்லிவிட்டு எழுந்து வரமாட்டாள். எங்கே விழுந்தாய், யார் கட்டுப்போட்டது, எத்தனை கட்டு, இரவில் குடைகிறதா, வேலைக்கு யார் போகிறார்கள், அரிசி இருக்கிறதா என்று அடுக்கடுக்காய்க் கேட்பாள். படிப்பறியாத கிழவிக்குத் தெரிந்த கேள்விகள் பட்டம் பெற்ற செய்தியாளருக்குத் தெரியாமற் போனது எப்படி? மக்கள் நடுப்பக்கத்தை விரும்பாதவர்கள் அல்லர். அவர்கள் முதலில் கேட்பதே அதைத்தான்.

அச்சத்தைப் பற்றியும் ஒரு சொல். மீண்டும் ஏறிய பெண் அஞ்சவில்லை என்றே எல்லா ஏடும் எழுதுகின்றன. இதைவிடப் பெரிய பொய் இல்லை. விழுந்த உடல் விழுந்த இடத்தை மறப்பதில்லை. மேட்டை நெருங்கும்போது வலக்கை தானே திருகைத் தளர்த்தும். அறிவு 'திருகு' என்னும், கை 'மாட்டேன்' என்னும். அரைமனத்தோடு மேட்டில் எழும்பினால் எட்டவேண்டிய இடத்தை எட்டாமல் நடுவிலேயே வண்டி மோதும். அச்சம் இங்கே இழிவன்று, அளவிடவேண்டிய பொருள். முதலில் மேடுகளைப் பறக்காமல் உருட்டியே கடப்பது, பிறகு சிறியதைத் தாண்டுவது, பிறகு பெரியது என்று படிப்படியாகக் கையைப் பழக்குகின்றனர். இந்தப் படிகளில் நாடகம் இல்லை என்று ஏடுகள் எண்ணுகின்றன. உள்ளதெல்லாம் அங்கேதான் இருக்கிறது!

கடைசியாக, நமக்கு அண்மையிலுள்ள ஒருவர். ஐஸ்வர்யா பிஸ்ஸே பெங்களூரைச் சேர்ந்தவர். ஓசூரில் தொழிற்சாலை கொண்ட டி.வி.எஸ். நிறுவனத்தின் பந்தய அணியில் ஓட்டியவர். அவர் உலக அரங்கில் ஓட்டியது மோட்டோகிராஸ் அன்று. அதன் உறவுமுறையான 'பாஹா' பந்தயம். பாலையும் மலையும் கல்லுமாக நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூரம் தனித்து ஓட்ட வேண்டும். 2018இல் ஸ்பெயின் நாட்டின் அரகோன் பந்தயத்தில் விழுந்தார். வெளியே எலும்பு முறிவுபோல் தெரியும் காயமன்று. உள்ளே கணையம் கிழிந்தது. உயிருக்கே இடரான காயம் அது. 2019இல் அவர் மீண்டும் வந்தார். அந்த ஆண்டின் பெண்கள் பாஹா உலகக் கோப்பையை வென்றார். மோட்டார் பந்தயத்தில் உலகப் பட்டம் பெற்ற முதல் இந்தியர் என்று நாட்டு ஏடுகள் அனைத்தும் கொட்டை எழுத்தில் போட்டன. விழுந்தார், எழுந்தார், வென்றார்!

சரி, புரட்டிப் பார்ப்போம். அந்த ஆண்டு நான்கு சுற்றுகள். துபாயில் முதலிடம், போர்ச்சுகலில் மூன்றாம் இடம், ஸ்பெயினில் ஐந்தாம் இடம், ஹங்கேரியில் நான்காம் இடம். மொத்தம் 65 புள்ளி. இரண்டாவது வந்த போர்ச்சுகலின் ரீட்டா வியேராவுக்கு 61. வேறுபாடு நான்கே புள்ளி!

ஸ்பெயினில் ஐந்தாம் இடம் என்றேன். எந்தப் பந்தயம் அது? அதே அரகோன்! ஓராண்டுக்கு முன் கணையம் கிழிந்து தூக்கிச் செல்லப்பட்ட அதே பந்தயம். அங்கே அவர் முதலிடம் பெறவில்லை. மூன்றாம் இடமும் பெறவில்லை. நான்கு சுற்றுகளிலும் மிகத் தாழ்ந்த இடத்தைப் பெற்றது அங்கேதான். ஐந்தாம் இடத்துக்குப் புள்ளி 11. அந்தப் பதினொன்றைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது 54. பட்டம் போர்ச்சுகலுக்குப் போயிருக்கும். விழுந்த மண்ணில் மீண்டும் விழாமல், வண்டியை முடிவுக்கோடுவரை கொண்டுவந்து சேர்த்தாரே, அந்தப் பதினொன்றுதான் பட்டத்தைத் தாங்கி நின்றது.

கொட்டை எழுத்தில் வெற்றியைப் போட்ட ஏடுகளை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். துபாய் வெற்றிக்கு ஒரு பத்தி. கண்ணீருக்கு ஒரு பத்தி. அரகோனுக்கு அரை வரி, அதுவும் மற்ற இடங்களோடு சேர்த்து ஒரே மூச்சில். அந்தப் பாதையில் எந்த வளைவில் முந்திய ஆண்டு விழுந்தார், அந்த வளைவு வந்தபோது வேகத்தைக் குறைத்தாரா, குறைத்தால் எவ்வளவு குறைத்தார், அந்த இரவு உறங்கினாரா? அவரிடம் இதைக் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.